வீட்டுக்கு எந்தக் கணினி? சூட்டிலிருந்து தொடங்குவோம்

2020 நவம்பரில் ஆப்பிள் தன் எம்1 சிப்பை மேக்புக் ஏரிலும் மேக் மினியிலும் ஒருசேரக் கொண்டுவந்தது. முன்னது மெல்லிய லேப்டாப், உள்ளே ஃபேன் கிடையாது. பின்னது மேசைமேல் வைக்கும் சின்னப் பெட்டி, ஃபேன் உண்டு. கடிதம் அடிப்பது, இணையம் பார்ப்பது, படம் திறப்பது போன்ற வேலைகளில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. நீளமான வீடியோ ஒன்றை எக்ஸ்போர்ட் செய்யக் கொடுத்துப் பார்த்தால் முதல் சில நிமிடங்கள் இரண்டும் சமமாக ஓடும். அதன்பிறகு ஏர் சூடேறித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மினி அசராமல் முடித்துவிடும். சிப் அதேதான், சூடு வெளியேறும் வழிதான் வேறு.

லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்று கேட்டால் விலை, வேகம், இடவசதி, மின்சாரம் என்று ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை: உள்ளே பிறக்கும் சூட்டுக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பது. மீதி, கணினி வீட்டுக்குள் நகருமா ஒரே இடத்தில் இருக்குமா என்பதைப் பொறுத்தது. தூக்கிக்கொண்டு போக முடியும் என்பதற்காகத்தான் லேப்டாப்புக்குக் கூடுதலாகக் கொடுக்கிறோம். மேசையை விட்டு அது எழுந்திருக்கவே போவதில்லை என்றால், கொடுத்த காசு வீண் என்பதோடு, வேகத்திலும் கழுத்து வலியிலும் ரிப்பேர் செலவிலும் வட்டி வேறு கட்டவேண்டியிருக்கும்.

பெயர் ஒன்று, வாட் வேறு

கணினியின் மூளையான பிராசஸர் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. அதனால் ஒரு பிராசஸரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வாட் கணக்கு. இன்டெல்லின் 12, 13-ஆம் தலைமுறைகளை எடுத்துக்கொண்டால், மெல்லிய லேப்டாப்புகளில் வரும் 'யு' வகைக்கு அடிப்படை அளவு 15 வாட். கனமான லேப்டாப்புகளில் வரும் 'எச்' வகைக்கு 45. டெஸ்க்டாப்பில் சாதாரண வகைக்கு 65, 'கே' வகைக்கு 125. ஆனால் எல்லாவற்றின் அட்டைப்பெட்டியிலும் பெரிதாக இருப்பது 'ஐ5' அல்லது 'ஐ7' மட்டும்தான். வாட்டைக் காட்டிக்கொடுக்கும் எழுத்து மாடல் எண்ணின் வாலில் இருக்கும். 'யு' போட்ட ஐ7 லேப்டாப், அதே தலைமுறை ஐ5 டெஸ்க்டாப்பிடம் நீண்ட நேர வேலைகளில் தோற்பது இதனால்தான்.

கிராஃபிக்ஸ் கார்டில் இந்தப் பெயர் விளையாட்டு இன்னும் மோசம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 டெஸ்க்டாப்பில் 16,384 கோர்களும் (கணக்குப் போடும் சின்ன அலகுகள்) 24 ஜிபி நினைவகமும் கொண்டது. லேப்டாப்பில் அதே பெயரில் வருவது 9,728 கோர்களும் 16 ஜிபியும் கொண்ட வேறொரு சிப். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப்புகளிலோ, கார்டுக்கு 35 வாட் கொடுப்பதா 115 வாட் கொடுப்பதா என்பதை லேப்டாப் தயாரிப்பவரே முடிவு செய்கிறார். ஒரே கார்டு பெயர் போட்ட இரண்டு லேப்டாப்புகளுக்கு இடையே மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் வருவது இதனால்தான். கேமிங் லேப்டாப் வாங்குபவர் கார்டின் பெயரோடு அதன் வாட்டையும் கேட்டு வாங்க வேண்டும். அந்த எண்ணைச் சொல்ல மறுக்கும் விளம்பரத்தை நம்பத் தேவையில்லை.

சரி, வீட்டில் இது யாருக்கு முக்கியம்? இணையம், பாடம், கணக்குவழக்கு, படம் பார்ப்பது, வீடியோ அழைப்பு இவ்வளவுதான் என்றால் 15 வாட் பிராசஸர் தாராளம். அந்த வேலைகளில் பிராசஸர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். விட்டுவிட்டு ஓரிரு நொடி வேகம் கேட்கும், மறுபடி ஓய்ந்துவிடும். வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வேலை, பெரிய விளையாட்டுகள் போல அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று மூச்சுவிடாமல் ஓடும் வேலைகளில்தான் டெஸ்க்டாப் தனித்து நிற்கும். அவ்வப்போது ஒரு ஐந்து நிமிட வீடியோவை வெட்டி ஒட்டுவதற்காக யாரும் டெஸ்க்டாப் வாங்க வேண்டியதில்லை.

லேப்டாப்பின் காற்று பெரும்பாலும் அடிப்பக்கத்துத் துளைகள் வழியாக உள்ளே போய்ப் பக்கவாட்டிலோ பின்னாலோ வெளியே வரும். மெத்தையில் வைத்தால் உள்ளே போகும் வழி அடைபடும். பிராசஸர் 95 முதல் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது கருகாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'வாங்கும்போது நல்லா இருந்தது, இரண்டு வருஷத்துல மெதுவாயிடுச்சு' என்ற புலம்பலில் கணிசமானவை வைரஸ் வேலை அல்ல, தூசி. ஃபேனுக்கும் அதன் வாயில் இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் இடையே தூசி ஒரு கம்பளித் துண்டு போலப் படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அடிமூடியைத் திறந்து, ஃபேன் இறக்கை சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, காற்றடிக்கும் கேனால் ஊதி எடுக்க வேண்டும். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் தன் இயல்பு வேகத்தையும் மீறிச் சுற்றிப் பேரிங் கெடும். வாக்குவம் கிளீனர் வேண்டாம், அதன் முனையில் நிலைமின்சாரம் சேரும். டெஸ்க்டாப்பில் இதே வேலை பக்கவாட்டுக் கதவின் இரண்டு திருகுகளைக் கழற்றி, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கழுத்துக்குக் கேட்காமல் வாங்காதீர்கள்

விசைப்பலகையும் திரையும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது லேப்டாப்பின் பிறவிக் குறை. கை வசதியாக இருக்கும் உயரத்தில் வைத்தால் திரை தாழ்ந்துவிடும், திரையைக் கண்ணுக்கு நேராக உயர்த்தினால் கை தொங்கும். 15.6 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 19 செ.மீ. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பெரியவரின் கண், மேசையிலிருந்து கிட்டத்தட்ட 45 செ.மீ. உயரத்தில் இருக்கும். இடையில் உள்ள தூரத்தைக் கழுத்துதான் குனிந்து ஈடுகட்டுகிறது. அரை மணி நேரத்துக்குத் தாங்கும். தினம் ஆறு மணி நேரம் என்றால் தாங்காது.

திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, முகத்திலிருந்து ஒரு கை நீளத் தொலைவில் இருக்க வேண்டும். லேப்டாப்பில் இதைக் கொண்டுவர ஒரு ஸ்டாண்டும் தனி விசைப்பலகையும் மவுஸும் வேண்டும். ஸ்டாண்டு இல்லாவிட்டாலும் நான்கு தடித்த புத்தகங்கள் போதும், காற்றுத் துளையை அடைக்காமல் வைத்தால் சரி. இன்னும் நல்ல வழி தனி மானிட்டர். 24 அங்குலத்துக்கு 1920 பெருக்கல் 1080 பிக்சல் பொருத்தம். 27 அங்குலத்துக்கு அதே பிக்சல் எண்ணிக்கையை எடுத்தால் எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும். 2560 பெருக்கல் 1440 எடுக்க வேண்டும்.

லேப்டாப்பில் யூஎஸ்பி-சி துளை இருந்தாலே மானிட்டர் ஓடிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். சிலவற்றில் அந்தத் துளை டேட்டாவை மட்டும் கடத்தும், சிலவற்றில் சார்ஜும் ஏறும், சிலவற்றில் மட்டுமே திரைக்கான டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலும் வரும். துளையின் வடிவத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, மாடலின் விவரக் குறிப்பில்தான் பார்க்க வேண்டும். மூன்றும் இருந்தால் ஒற்றை கேபிளில் மானிட்டரும் சார்ஜும் முடிந்துவிடும், எழுந்து போகும்போது அந்த ஒன்றைப் பிடுங்கினால் போதும். பகலில் மேசையிலும் மாலையில் வேறு அறையிலும் வேலை செய்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

மின்சாரம் நின்றால்

இங்கே லேப்டாப்பின் பக்கம்தான் நியாயம். 50 வாட்-மணி பேட்டரி, லேசான வேலைக்கு 8 வாட் என்றால் ஆறு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். வீடியோ அழைப்பில் 20 வாட் இழுத்தால் இரண்டரை மணி நேரம். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் இல்லாவிட்டால் சேமிக்காத வேலை அந்த நொடியே போச்சு. சில நேரம் எழுதிக்கொண்டிருந்த ஃபைலும் கெட்டுப்போகும்.

யுபிஎஸ் வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 600 விஏ என்று பெரிதாகப் போட்டிருப்பதன் கீழே சின்ன எழுத்தில் 360 வாட் என்று இருக்கும். உங்களுக்கு வேண்டியது வாட் கணக்குதான். அதன் உள்ளே பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்று இருக்கும். பெருக்கினால் 84 வாட்-மணி. ஆனால் ஈய பேட்டரியைச் சில நிமிடங்களில் உறிஞ்சி எடுத்தால் அதில் பாதிதான் கைக்கு வரும். கணினியும் மானிட்டரும் சேர்ந்து 145 வாட் என்றால் 10 முதல் 15 நிமிடம் நிற்கும். சேமித்துவிட்டு ஒழுங்காக அணைக்க அது போதும், தொடர்ந்து வேலை செய்யப் போதாது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அந்த பேட்டரியை மாற்ற வேண்டும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் செருகக் கூடாது, அதன் சூடேற்றி சட்டென்று இழுக்கும் மின்சாரத்தில் யுபிஎஸ் சுருண்டுவிடும். லேப்டாப் வைத்திருப்பவர்களும் மறந்துவிடுவது ரவுட்டரை: பேட்டரியில் லேப்டாப் ஓடிக்கொண்டே இருக்கும், வைஃபைதான் செத்திருக்கும்.

மின் செலவில் லேசான வேலை செய்யும் டெஸ்க்டாப்புக்கும் மானிட்டருக்கும் சேர்த்து 75 வாட், லேப்டாப்புக்கு 15 வாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் வித்தியாசம் ஆண்டுக்கு 110 யூனிட் அளவில் வரும். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப்பில் விளையாடினால் இந்தக் கணக்கு பல மடங்காகும்.

லேப்டாப் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: சூடு, எந்நேரமும் 100 சதவீதத்தில் நிற்பது. மேசையை விட்டு நகராத லேப்டாப் இரண்டையும் ஒன்றாக அனுபவிக்கிறது, அதனால்தான் அடிக்கடி தூக்கிக்கொண்டு அலைபவரின் பேட்டரியைவிடப் பிளக்கிலேயே கிடக்கும் பேட்டரி சில நேரம் சீக்கிரம் படுக்கிறது. பல தயாரிப்பாளர்கள் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியைத் தங்கள் செயலியிலோ, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸிலோ தருகிறார்கள். வாங்கிய அன்றே அதைப் போட்டுவிடுங்கள். டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்தாலோ, அழுத்தினால் 'டிக்' என்று இறங்காவிட்டாலோ, தட்டையான மேசையில் லேப்டாப் ஆடினாலோ, பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அப்போதே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, மாற்றும்வரை ஏற்றாமல் வைக்க வேண்டும். உப்பியதை அமுக்கிப் பார்ப்பதோ குத்துவதோ தீயில் கொண்டுபோய் விடும்.

கெட்டால் என்ன ஆகும்

டெஸ்க்டாப்பில் கெடுவது ஒரு பாகம். லேப்டாப்பில் ஒன்று கெட்டால் கூடவே நான்கைக் கழற்ற வேண்டும். விசைப்பலகையில் தேநீர் கொட்டினால் டெஸ்க்டாப்காரர் புது விசைப்பலகை வாங்கிச் செருகிக்கொள்வார். லேப்டாப்பில் விசைப்பலகைக்கு நேர் கீழே எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு இருக்கிறது, பல மாடல்களில் விசைப்பலகை மேல்தட்டோடு ரிவெட் அடிக்கப்பட்டிருக்கும். கொட்டிய உடனே சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானை அணையும்வரை அழுத்திப் பிடித்து, கூடாரம் போலக் கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு அடிமூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றுவதுதான் உயிர்நாடி; மின்சாரம் இருக்கும்வரைதான் ஈரம் போர்டை அரிக்கும் வேகம் அதிகம். ஹேர் டிரையர் ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். அரிசியில் புதைப்பதால் அரிசிதான் வீண். சர்க்கரை கலந்த பானம் என்றால் காய்ந்தபின்பும் போர்டைக் கழுவித்தான் ஆகவேண்டும், அது சர்வீஸ்காரர் வேலை.

கீல் உடைவதும் லேப்டாப்புக்கே உரிய சங்கடம். கீலின் திருகுகள் பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளைக் குமிழ்களில் ஏறியிருக்கும். நாளாக நாளாகக் கீல் இறுகும். திரையை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கும் பழக்கமும் சேர்ந்தால் அந்தக் குமிழ் பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வரும். திரை மூடியின் நடுவில் பிடித்துத் திறப்பதே இதற்கான முழு வைத்தியம். மூலையில் ஒரு சின்ன 'கிரீச்' கேட்கும்போதே கீலைத் தளர்த்திக்கொண்டால் பாடி மாற்றும் செலவு மிச்சம்.

டெஸ்க்டாப் தொல்லையே தராது என்றும் இல்லை. ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை என்ற புகாரில் முதல் சந்தேகம் ராம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம். மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்து, கேபினட்டின் உலோகத்தைத் தொட்டுக் கையின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, ராமைக் கழற்றித் தங்கநிற முனைகளைச் சுத்தமான ரப்பரால் மெல்லத் துடைத்து, துகள்களை ஊதிவிட்டு மறுபடி செருக வேண்டும். ராமைப் பிடிக்கும் ஓரக் காதுகள் 'டக்' என்று தானாகப் பூட்டிக்கொள்ளும்வரை அழுத்தத் தயங்காதீர்கள். அரைகுறையாக உட்கார்ந்த ராம்தான் பாதி வழக்கு. இரண்டு ராம்கள் என்றால், நான்கு ஸ்லாட் போர்டுகளில் வழக்கமாகப் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். தேதி தானாகப் பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறதா? மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர் 2032 பேட்டரியை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

புதிதாக அசெம்பிள் செய்தவர்களை அலைக்கழிக்கும் இன்னொன்று, மானிட்டர் கேபிளை இடம் மாற்றிச் செருகுவது. கேபினட்டின் பின்னால் மேலே ஒரு எச்டிஎம்ஐ துளை இருக்கும், அது மதர்போர்டுடையது. கீழே படுக்கைவாட்டில் இருப்பது கிராஃபிக்ஸ் கார்டுடையது. மேலே செருகினால், காசு கொட்டி வாங்கிய கார்டு சும்மா கிடக்க, பிராசஸரின் உள்ளடங்கிய கிராஃபிக்ஸில் விளையாட்டு தத்தளிக்கும். பிராசஸர் 'எஃப்' வகையாக இருந்தால் அதற்கு உள்ளடங்கிய கிராஃபிக்ஸே கிடையாது, திரை இருண்டே கிடக்கும்.

டெஸ்க்டாப்பை எப்போது வேண்டுமானாலும் மேம்படுத்தலாம் என்பது பாதி உண்மை. ராம், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு வரை சரி. பிராசஸர் என்று வந்தால் அது போர்டில் உட்காரும் சாக்கெட் குறுக்கே நிற்கும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் நல்ல விதிவிலக்கு: 2017-இல் முதல் ரைசன் பிராசஸருக்கு வாங்கிய போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்துவிட்டு 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியைப் போட முடிந்தது. இன்டெல்லோ 10, 11-ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 1200, 12 முதல் 14 வரை எல்ஜிஏ 1700 என்று மாற்றிக்கொண்டே போனது. அப்படி மாறும்போது பிராசஸரோடு போர்டும், டிடிஆர்4-இலிருந்து டிடிஆர்5-க்குப் போனால் ராமும் மாற்ற வேண்டும். இருந்தாலும் கேபினட், எஸ்எம்பிஎஸ், மானிட்டர், ஹார்டு டிஸ்க் அடுத்த கணினிக்கும் கைகொடுக்கும். கம்பெனி தயாரிப்பான சிறிய டெஸ்க்டாப்புகள் சிலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் தனி வடிவத்தில் இருக்கும். கடையில் கிடைக்கும் பொது பாகம் அதில் உட்காராது.

சொல்லாமல் விடும் செலவுகள், நடுவழிகள்

டெஸ்க்டாப் மலிவு என்பவர்கள் பெரும்பாலும் கேபினட்டை மட்டும் கணக்குப் போடுகிறார்கள். மானிட்டர், விசைப்பலகை, மவுஸ், ஸ்பீக்கர், வெப்கேம், மைக், யுபிஎஸ் எல்லாம் தனி. மலிவான மதர்போர்டுகள் பலவற்றில் வைஃபையோ புளூடூத்தோ இருக்காது. இவற்றையெல்லாம் கூட்டினால், லேசான வேலைக்கான கணினியில் டெஸ்க்டாப்பின் விலைச் சாதகம் ஏறக்குறையக் கரைந்துவிடும். கனமான வேலைக்கான கணினியில்தான் அது நிலைத்து நிற்கும்.

ஆல்-இன்-ஒன் என்பது மானிட்டருக்குள் லேப்டாப் பாகங்களைத் திணித்தது. லேப்டாப்பின் சூடும் ரிப்பேர் சிக்கலும் அதற்கு உண்டு, தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. அழகுக்காக வாங்குவதென்றால் வாங்கலாம். மினி பிசி அப்படியல்ல: கைக்கு அடங்கும் பெட்டி, குறைந்த மின்சாரம், மானிட்டரின் முதுகிலேயே மாட்டிவிடலாம், மானிட்டர் தனி என்பதால் ஒன்று கெட்டால் மற்றது பிழைக்கும். லேசான வேலை, நகராத கணினி என்றால் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வோம். ஆபீஸ்களில் ஓடிக் கழித்த பழைய டெஸ்க்டாப்புகளும் நல்ல பேரம்தான், ஒரு நிபந்தனையோடு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அதற்கும் பழையதை விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடத் தெரிந்தவர் மட்டும் வாங்கலாம்.

வீட்டில் மூன்று நான்கு பேர் பங்குபோட்டுப் பயன்படுத்துவதென்றால், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒரு டெஸ்க்டாப்பை வைத்து ஆளுக்கொரு யூசர் அக்கவுண்ட் திறப்பது சண்டையைக் குறைக்கும். சிறுவர்கள் திரையில் என்ன பார்க்கிறார்கள் என்பதும் தெரியும். வகுப்புக்கோ வேலைக்கோ வாரத்தில் இரண்டு நாளாவது வெளியே எடுத்துப்போகும் ஒருவர் வீட்டில் இருந்தால் அவருக்கு லேப்டாப்தான், விவாதமே வேண்டாம்.

லேப்டாப் என்று முடிவானால், வந்த அன்றே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து செயல்திறன் பக்கத்தில் மெமரியைப் பாருங்கள். எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று அங்கே இருக்கும். இரண்டில் ஒன்று என்றால் பிறகு அதே அளவில் இன்னொரு ராம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்; உள்ளடங்கிய கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் அந்த இரண்டாவது ராம் விளையாட்டு வேகத்தைக் கண்கூடாக உயர்த்தும். ஸ்லாட் கணக்குக்குக் கீழே வடிவம் என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அது 8 ஜிபியாக இருந்தால் அன்றைக்கே கொடுத்துவிட்டு 16 ஜிபி மாடலை வாங்கி வாருங்கள்.